இரண்டு ஆட்டின் என்றால்

கோகுலவாணிக்கு முதலில் சொன்னது இதுதான்:
வீறுக்கு இனி முப்பது இல்லை, ஒன்று.
மணலுக்கு ஒன்றுமேயில்லை.
முந்நூற்றி நாலு விளையாடி வளர்ந்த கை,
வீறைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது.
"ஆசுக்கு?"
நாலு.
"அப்ப இது பணக்காரற்றை விளையாட்டு."

இரணைமடுக் கதவடிக் காவலறை. மார்கழி.
மணிக்கொருதரம் நீர்மட்டம் பார்த்து எழுத வேண்டும்,
இடையில் ஐம்பது நிமிடம் எங்களுடையது.
முகமாலையில் கண்ணிவெடி எடுத்தவள் அவள்,
நிலத்தைக் காதால் கேட்கத் தெரிந்தவள்.

பதினைந்து சொல் மட்டும் தருகிறார்கள்:
ஏழு எண், நாலு இனம், துரும்பில்லை,
விட்டேன், இரட்டி, மறு இரட்டி.
கைக்கு வரக்கூடிய விதங்களோ
அறுபத்து மூவாயிரத்து ஐந்நூறு கோடி
என்று எங்கோ வாசித்தேன்.
"எல்லாத்தையும் ஏன் சொல்லுவான்?
மிதிக்கக் கூடாத இடத்தைச் சொன்னால் காணும்."

பழைய நீர்மட்டப் பதிவேட்டின் பின்பக்கங்களில் தொடங்கினோம்.
ஒரு கலாவரை: பதினாறு புள்ளி, அல்லது மேல்.
கலாவரையே இல்லாமலும் இருக்கலாம்.
ஒரு டைமன் என்ற பதில்: என்னிடம் ஒன்றுமில்லை, மன்னிக்கவும்.
மன்னிக்கவும் அவள் சேர்த்தது. வெட்டவில்லை.
ஒரு துரும்பில்லை, அதன்மேல் இரண்டு ஆட்டின் என்றால்
இஸ்கோப்பன் ஐந்து.
"ஆட்டின் எண்டு சொல்லிப்போட்டு இஸ்கோப்பனோ?"
ஓம்.
"நல்ல ஆக்கள்தான்."

கேள்வி என்றால் நமக்கு மூன்று:
கேட்பது, காதில் விழுவது, ஏலத்தில் விலை வைப்பது.
நான்காவதை நாங்கள் வைத்தோம்:
பங்காளி எதைச் சொன்னாலும் அதற்கு அடுத்த படி,
அதற்கென்று பொருளில்லை,
இன்னும் சொல்லு என்பது மட்டும்.
முதல் மாதம் மூன்று தரம் அவள் அதில் "விட்டேன்" என்றாள்.
ஆறு கலாவரைக் கை இரண்டு டைமனில் படுத்தது.

எனக்கு இந்த வேலை புதிதல்ல.
அவளுக்குச் சொன்னதில்லை, அவள் கேட்டதுமில்லை.
ஒருகாலம் வோக்கிக்குத் தாள் எழுதியவன் நான்.
தேங்காய் என்றால் ஒன்று, மருமகன் என்றால் வேறொன்று.
விடிய முதல் புதுத் தாள்,
பொழுதுபட்டால் அதற்கு நெருப்பு.
நல்ல முறை என்பது அன்று
நம் ஆளுக்கு மட்டும் விளங்குவது.

வவுனியா. விடுதி மாடியில் ஆறு மேசை.
நான் ஒரு துரும்பில்லை. வாணி இரண்டு ஆட்டின்.
எச்சரிக்கை அட்டையைத் தட்டினேன்.
அநுராதபுரத்து ரயில்வேக் கணக்காளர், ஓய்வுபெற்றவர்,
விக்கிரமரத்ன என்று சட்டையில் குத்தியிருந்தார்,
கண்ணாடியை உயர்த்தினார்.
"இது, என்ன அர்த்தம்?"
தமிழில். சொல் சொல்லாக.

சட்டம் அப்படி. எதிராளி கேட்டால்
உங்கள் இருவருக்குள் இருப்பது முழுவதையும் சொல்ல வேண்டும்.
நானே அவளுக்குப் படிப்பித்த சட்டம்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
மின்விசிறி நாலைந்து சுற்றுச் சுற்றியது.
வாணி என்னைப் பார்க்கவில்லை, பார்ப்பதும் குற்றம்.
"இஸ்கோப்பன் ஐந்து" என்றேன், "கூடவும் இருக்கலாம்.
ஆட்டின் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."
"நன்றி."
வெளியே ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்துப் போனது.

நாலு இஸ்கோப்பனில் நின்றோம்.
சொன்னதை மனிதர் வடிவாகக் கேட்டிருந்தார்.
துரும்பையே இறக்கினார்,
கைக்கு வந்ததும் திரும்பவும் துரும்பு.
எனக்கு ஒரு வெட்டுக் குறைந்தது. ஒன்று கீழே.
சீட்டைத் திருப்பி வைக்கும்போது
"நல்ல முறை" என்றார். பகிடியாகத் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் வாணி கேட்டாள்:
"ஏன் அவ்வளவு நேரம்? மறந்திட்டியளோ?"
"மறக்கேல்லை."
அடுத்த படி அவளுடையது. கேட்கவில்லை.
பதிவேட்டில் பதினேழாம் பக்கத்தை விரித்தாள்:
எதிராளி நடுவில் புகுந்தால்.
தலைப்பின் கீழே ஒன்றுமில்லை.
கனகராயன்குளம் தாண்டக் குலுங்கிய பேனையால்
இரட்டி என்று எழுதினாள்,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி,
"இதையும் போட்டோகொப்பி எடுக்க வேணும்" என்றாள்,
"மேசைக்கு ஒண்டு."